சாமித்தட்டுக்கு முன்னால் ஒரு சூடான நிலம்

மூன்றாவது முறை மருந்து ஏற்றிவிட்டு வந்த மறுநாள் காலை, என் மனைவி குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து தயிர்ப் பாத்திரத்தைக் கையில் எடுத்தாள். எடுத்த வேகத்திலேயே விட்டுவிட்டாள். பாத்திரம் கண்ணாடி. தயிரும் கண்ணாடியும் தரையில் பரவின. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கரண்ட் கம்பியைத் தொட்டது போல இருந்தது என்று பிறகு சொன்னாள்.

இப்படி நடக்கும் என்று தாதி முன்பே சொல்லியிருந்தார். குடலில் இருந்த கட்டியை வெட்டி எடுத்த பிறகு, அது திரும்பி வராமல் இருப்பதற்காக ஏற்றும் மருந்துகளில் ஒன்று நரம்புகளைக் குளிருக்கு அளவு மீறிக் கூச வைக்கும். குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். குளிர்ந்த பொருளைத் தொட்டால் ஊசி ஏறும். அந்த உணர்வு சில நாட்களில் குறையும். அடுத்த முறை முன்னதைவிடக் கூடுதலாக வரும். கையுறை போடுங்கள், வீட்டுக்குள்ளும் செருப்புப் போடுங்கள் என்றார் தாதி. நான் அதைத் தமிழில் சொன்னேன். மனைவி தலையாட்டினாள்.

கையுறை போட்டாள். செருப்புப் போடவில்லை.

காரணம் சாமித்தட்டு. நாங்கள் இருப்பது ரூஜ் என்ற நகரோரப் பகுதியில். கட்டி முடித்த வீட்டை வாங்கி வந்தவர்கள். சமையலறையின் மூலையில், தகரப் பேணிகளும் மாவுப் பைகளும் வைப்பதற்கென்று கட்டியவர்கள் விட்டிருந்த ஒடுங்கிய அலுமாரி ஒன்று இருந்தது. குடிவந்த முதல் வாரமே மனைவி அதன் தட்டுகளைக் கழுவித் துடைத்து, படங்களை அடுக்கி, விளக்கை வைத்தாள். இந்தப் பக்கத்து எங்கள் ஆட்களின் வீடுகளில் பலவற்றில் சாமி இப்படித்தான் குடியிருக்கிறார். அலுமாரிக்குக் கதவு உண்டு. ஆனால் அதற்கு முன்னால் இருக்கும் நிலம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று யாரும் கோடு கீறவில்லை. ஆகவே சமையலறை முழுவதுமே செருப்புப் படாத இடமாயிற்று. விருந்தாளிகள்கூட வாசலில் தயங்கிக் காலைப் பார்த்துக்கொள்வார்கள்.

அந்த நிலம் சாம்பல் நிற டைல். அதன் கீழே முடித்துக் கட்டாத பேஸ்மென்ட். ஒரு பக்கம் பின்வளவுக்குத் திறக்கும் பெரிய கண்ணாடிக் கதவு. இலைகள் கொட்டத் தொடங்கினால் அந்த டைலில் வெறுங்காலோடு நிற்பது நல்ல சுகத்தோடு இருப்பவருக்கே கஷ்டம்.

காலுறை போட்டுப் பார்த்தாள். இரண்டு சோடி, ஒன்றின் மேல் ஒன்றாக. குளிர் அதையும் கடந்து வந்தது, ஈரம் பட்டால் இன்னும் மோசம், ஒருமுறை வழுக்கினாள். கம்பளம் விரிக்கலாம் என்றேன். எண்ணெய்ச் சட்டிக்கும் விளக்குக்கும் பக்கத்தில் கம்பளமா என்று கேட்டாள். வெள்ளிக்கிழமைகளில் நிலம் கழுவும்போது அதை யார் தூக்கிப் போடுவது என்றும் கேட்டாள். நிலம் கழுவுவது அப்போது என் வேலையாகியிருந்தது. ஆனாலும் அவள் கேட்டது நியாயம்.

மகள் ஒட்டாவாவில் வேலை செய்கிறாள். அவளுக்குத் தொலைபேசியில் விஷயம் தெரிந்தது.

"அம்மா, ஜஸ்ட் வெயர் த ஸ்லிப்பர்ஸ். சாமிக்கு விளங்கும்."

"சாமிக்கு விளங்கும் பிள்ளை. எனக்குத்தான் விளங்காது," என்றாள் மனைவி.

நான்காவது முறை முடிந்து வந்தபோது அவள் இடுப்பில் மருந்துப் போத்தல் தொங்கிக்கொண்டிருந்தது. குழந்தைப் பால் போத்தல் அளவுதான் இருக்கும். அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று நெஞ்சுக்குப் போகும். இரண்டு நாட்கள் அது சொட்டுச் சொட்டாக உள்ளே இறங்கும். அந்தப் போத்தலைச் சால்வையால் மூடிக்கொண்டு, சாப்பாட்டு மேசையில் கால்களை மற்றொரு கதிரையின் மேல் தூக்கி வைத்தபடி, நான் வைத்த பருப்பைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவள் சொன்னாள்:

"இனிக் காணும் எண்டு நினைக்கிறன்."

"சோறோ?"

"மருந்து."

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"வெட்டி எடுத்தாச்சுத்தானே. எல்லாம் எடுத்திட்டம் எண்டுதானே அந்த டொக்டர் சொன்னவர்."

"கண்ணுக்குத் தெரிஞ்சதை எடுத்தாச்சு. தெரியாமல் மிச்சம் கிடந்தா, அதுக்குத்தான் இது."

"கண்ணுக்குத் தெரியாத ஒண்டுக்காக என்ரை குசினிக்குள்ளை நான் நிக்கேலாமல் கிடக்கிறன். ஒரு விளக்குக் கொளுத்தேலாது, ஒரு தேத்தண்ணி போடேலாது. உங்கடை பருப்பைத் திண்டுகொண்டு இருக்கிறதுக்கோ நான் உயிரோடை இருக்கவேணும்?"

கடைசி வாக்கியத்துக்கு அவளே சிரித்தாள். முதலில் சொன்னவற்றுக்குச் சிரிக்கவில்லை. பத்திரிகையில் வேலை செய்த காலத்தில், ஒருவர் சொல்வதில் எது செய்தி, எது அலங்காரம் என்று பிரிப்பதுதான் என் தொழில். இதில் செய்தி என்னவென்று எனக்குத் தெரிந்தது. அவள் பாதியில் நிறுத்தப் போகிறாள். முழுவதையும் ஏற்றி முடித்தால் திரும்பி வராமல் இருக்க நல்ல வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொல்லியிருந்தார். பாதியில் நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்டபோது, அவர் தோளைக் கொஞ்சம் உயர்த்திவிட்டு, வாய்ப்புக் குறையும், எவ்வளவு என்று சொல்லமுடியாது என்றார்.

நிலத்துக்கு அடியில் சூடு வைக்கலாம் என்ற யோசனை பக்கத்து ஊரான அஜக்ஸில் ஒரு நண்பரின் வீட்டுக் குளியலறையில் எனக்கு வந்தது. அங்கே காலுறையைக் கழற்றிவிட்டு நின்றேன். டைல் வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அந்த இடத்தில் நெடுநேரம் படுத்திருந்துவிட்டு எழுந்து போனது போல. வெளியே வந்து நண்பரிடம் கேட்டேன். டைலுக்குக் கீழே மின்கம்பி ஓடுகிறது என்றார். பதித்தவரின் தொலைபேசி இலக்கத்தைத் தந்தார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

"சரி. போட்டுப் பாருங்கோ. நிலம் சூடாகிற மட்டும் நான் மருந்துக்குப் போறன். சூடாகி, நான் நிண்டு சமைக்க ஏலுமெண்டா மிச்சத்துக்கும் போறன். ஏலாட்டி நிப்பாட்டுறது. அதுக்குப் பிறகு நீங்களும் கதைக்கக்கூடாது, பிள்ளையும் கதைக்கக்கூடாது."

நான் சம்மதித்தேன். வேறு வழி இருக்கவில்லை.

டைல் பதிப்பவர் அடுத்த சனிக்கிழமை வான் நிறைய சாமான்களோடு வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கலாம். என்னை அண்ணை என்றும் மனைவியை அக்கா என்றும் கூப்பிட்டார். கதவருகே சப்பாத்தைக் கழற்றியவர், அலுமாரியைப் பார்த்துவிட்டு, வேலைக்குப் போடும் தடித்த சப்பாத்தைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"அக்கா, உடைக்கேக்கை சப்பாத்துப் போடாமல் ஏலாது. டைல் துண்டு கண்ணாடி மாதிரி வெட்டும்."

"நீர் வேலைக்குத்தானே தம்பி போடுறீர். போடும்."

"அப்ப அக்காவும் வைத்தியத்துக்குத்தானே..." என்று தொடங்கியவர் அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். படங்களும் விளக்கும் மேல்மாடிக்குப் போயின. அதன் பிறகுதான் சப்பாத்து உள்ளே வந்தது.

முதலில் அவர் நிலத்தில் நாடா ஒட்டிக் கோடு போட்டார். நகராத சாமான்களுக்குக் கீழே கம்பி போடக்கூடாது. மேலே போகவேண்டிய சூடு அங்கே சிக்கிக் கம்பியையே எரித்துவிடும் என்றார். ஆகவே அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, பாத்திரம் கழுவும் இடத்து அலுமாரி எல்லாம் கோட்டுக்கு வெளியே. சாமித்தட்டு இருந்த அலுமாரியின் உட்பக்கமும் வெளியே. அதற்கு முன்னால் மனைவி நிற்கும் இடம் உள்ளே.

"வீட்டிலை பூனை இருக்கோ அண்ணை?"

"இல்லை."

"இனி வரும். என்ரை வீட்டிலை ஒரு ரூமுக்குப் போட்டனான். பக்கத்து வீட்டுப் பூனை இப்ப எங்கடை வீட்டு விலாசத்திலைதான் இருக்குது."

பழைய டைலை உடைத்த நாட்களில் வீடு முழுவதும் தூசி. மனைவி படுக்கையறைக் கதவின் கீழ் இடைவெளியில் துவாய் ஒன்றை அழுத்தி வைத்துக்கொண்டு உள்ளே இருந்தாள். உடைப்பு முடிந்து கூட்டித் துடைத்த பிறகு இறங்கி வந்து படிக்கட்டில் இருந்து வேலையைப் பார்த்தாள். சுகமில்லாத ஆட்கள் வழக்கமாக ரீவி பார்ப்பார்கள். அவள் கம்பி பதிப்பதைப் பார்த்தாள்.

கம்பி செம்மஞ்சள் நிறம், பென்சிலைவிட மெல்லியது. அதை அவர் கொப்பியில் கோடு போட்டதைப் போல ஒரே இடைவெளியில் வளைத்து வளைத்துக் கொண்டுபோனார். ஒரு வரி மற்ற வரியைத் தொடக்கூடாது. எங்கும் குறுக்கே போகக்கூடாது. மேலே போடும் சாந்து கம்பியை முழுவதும் அணைத்துப் பிடிக்கவேண்டும். காற்று நிற்கும் பொந்து ஒன்று இருந்தாலும் அந்த இடத்தில் சூடு தேங்கும். பதிக்க முன்னும் பதித்த பின்னும் மீற்றர் வைத்து, கம்பி அறாமல் இருக்கிறதா என்று பார்த்தார். மீற்றரின் முள்ளைப் பார்க்க என்னையும் கூப்பிட்டார். எல்லாம் சரி.

மதியத்துக்குப் பிறகு வாந்தி மருந்து வாங்க நான் கடைக்குப் போனேன். திரும்பி வந்தபோது சாந்து பூசி, அலுமாரிப் பக்கத்திலிருந்து டைல் பதிக்கத் தொடங்கியிருந்தார். மனைவி படிக்கட்டிலேயே இருந்தாள். இருவரும் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் அவர் சாந்து வாளியைக் கிண்டத் தொடங்கினார்.

வேலை முடிந்த அன்று, உரிமம் உள்ள மின்காரர் ஒருவர் வந்து சுவரில் சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டைப் பொருத்திவிட்டுப் போனார். நான் அதைப் போடக் கையை நீட்டினேன்.

"அண்ணை, இப்ப இல்லை! ஒரு மாசம் போகவேணும்."

"ஒரு மாசமோ?"

"சாந்து தானாய்க் காயவேணும். சூடு வைச்சுக் காயவிட்டா வெடிக்கும். டைல் கிளம்பும்."

ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை மருந்து வரும். இதை நான் முன்பே கேட்டிருக்கவேண்டும். நிலம் சூடாகும்வரை போவதாக ஒப்புக்கொண்டபோது இந்த ஒரு மாதத்தை அவள் கணக்கில் எடுத்திருக்கமாட்டாள் என்று நினைத்து மனைவியைப் பார்த்தேன்.

"காயட்டும்," என்றாள் அவள். "அவசரப்பட்டு என்ன செய்யிறது."

அவ்வளவு இலகுவாக அவள் சம்மதித்தது எனக்கு வியப்பாக இருந்தது. அந்த வியப்பை ஒரு நல்ல அறிகுறியாக எடுத்துக்கொண்டேன்.

அந்த இரண்டு முறையும் கடுமையாகவே இருந்தன. பனி கொட்டத் தொடங்கிவிட்டது. காரிலிருந்து வீட்டு வாசல்வரை வரும் தூரத்துக்குள் குளிர்காற்றுப் பட்டு அவளுக்குத் தொண்டை இறுகியது. மூச்சு நின்றுவிட்டதாக நினைத்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். சமையலறை எல்லையில் ஒரு கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, விளக்குக் கொளுத்தும் என்னை அங்கிருந்தே நடத்தினாள்.

"திரியைக் கொஞ்சம் இழுத்து விடுங்கோ. அவ்வளவு இல்லை. வீட்டைக் கொளுத்தப் போறியளோ?"

மாதம் முடிந்த காலை நான் தெர்மோஸ்டாட்டைப் போட்டேன். கம்பி சூடாகி, சாந்து சூடாகி, டைல் சூடாக நேரம் எடுத்தது. மனைவி கதிரையிலிருந்து காலுறையைக் கழற்றினாள். வலது காலின் பெருவிரலை மட்டும் முதலில் வைத்தாள். பிறகு பாதம். பிறகு மற்றக் கால். எழுந்து நின்றாள். முகத்தில் நான் எதிர்பார்த்த எதுவும் வரவில்லை. கணக்குப் பார்ப்பவள் போல நிலத்தை நோக்கியபடி நின்றாள். அலுமாரிவரை நடந்தாள். விளக்கைக் கொளுத்தினாள். கும்பிட்டுவிட்டு, கையுறையைப் போட்டுக்கொண்டு குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த என் பருப்பை வெளியே எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"இதை ஆர் திண்டது இவ்வளவு நாளும்?"

அன்று மதியம் தேங்காய்ப்பால் சொதி வைத்தாள். அடுத்த முறை மருந்துக்கு, நான் சொல்ல முன்பே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

தை மாதத்தில் நிலம் செத்தது.

மருந்து ஏற்றிய மறுநாள் காலை அது. அவள் வழமைபோலக் காலை வைத்தாள், கத்தினாள். நான் ஓடிவந்தபோது இரு கைகளாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மற்றக் காலின் மேல் ஏற்றி வைத்தபடி நின்றாள். தெர்மோஸ்டாட்டில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவளைக் கதிரையில் இருத்திவிட்டு மறுபடி மறுபடி போட்டுப் பார்த்தேன். சிவப்பு மாறவில்லை.

"ஒப்பந்தம் தெரியும்தானே," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை.

டைல் பதித்தவருக்குத் தொலைபேசி அடித்தேன். வேறு வேலையை விட்டுவிட்டு அன்று பின்னேரமே அஜக்ஸிலிருந்து வந்தார். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, தெர்மோஸ்டாட்டைக் கழற்றி மீற்றரை வைத்தார். முள் அசையவில்லை. கம்பி எங்கோ அறுந்திருக்கிறது. இப்படி அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கத் தனிக் கருவியோடு வரும் ஆட்கள் உண்டு, அவர்களைக் கூப்பிட்டுச் சூடு எங்கே நிற்கிறது என்று பார்க்கவேண்டும் என்று நான் வாசித்திருந்தேன். அதைச் சொன்னேன்.

"தேவையில்லை அண்ணை."

அவர் நேரே போய், சாமித்தட்டுக்கு முன்னால், இடது பக்கமிருந்து இரண்டாவது டைலில் விரலை மடக்கித் தட்டினார். சத்தம் மற்ற டைல்களின் சத்தம் போல இல்லை.

"இதுதான்."

"என்னெண்டு தெரியும்?"

அவர் என் மனைவியைப் பார்த்தார். நானும் அவளைப் பார்த்தேன். அவள் கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"சொல்லும் தம்பி," என்றாள். "நான்தானே வைக்கச் சொன்னது."

"அக்கா கேட்டவ, அண்ணை. சுகமில்லாத மனிசி கேக்கேக்கை நான் என்னெண்டு மாட்டன் எண்டுறது? சின்ன முடிச்சுத்தானே எண்டு நினைச்சன். கம்பியிலை இரண்டு வரியை இப்பிடிக் கொஞ்சம் ஒதுக்கிப் போட்டு..." இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டினார். "ஒதுக்கினதிலை இரண்டும் கிட்டக் கிட்ட வந்திட்டுது. முடிச்சுக்குள்ளை காத்து. நான் செய்திருக்கப்படாது. தெரிஞ்சு செய்த பிழை."

"என்ன முடிச்சு?"

அவர் டைலை உளியால் நெம்பினார். அது இரண்டாக உடைந்து வந்தது. சாந்துக்குள் சிவப்புத் துணி தெரிந்தது. ஒரு பக்கம் கபில நிறமாகக் கருகியிருந்தது. அதன் ஓரத்தில் கம்பியின் செம்மஞ்சள் உறை உருகிக் கறுத்திருந்தது. துணியைப் பிரித்தார். தமிழ்க் கடையில் சிறு பக்கெட்டில் விற்கும் நவதானியம். அதில் சில பயறுகள் சாந்தின் ஈரத்தில் ஊறி வெடித்து, அப்படியே காய்ந்துபோயிருந்தன. ஒரு மஞ்சள் துண்டு. ஒரு பொன் தோடு. சோடி தொலைந்த பிறகு உடுப்பு அலுமாரியில் கிடந்த ஒற்றைத் தோடு.

எனக்கு விளங்கியது. ஊரில் வீடு கட்டத் தொடங்கும்போது அத்திவாரத்தில் பொன்னும் தானியமும் வைத்துத்தான் முதல் கல்லை வைப்பார்கள். இங்கே வீடு வாங்குகிறவர்களுக்கு அந்த வேளை வருவதில்லை. அத்திவாரம் எங்களுக்கு முன்பே போடப்பட்டிருக்கும்; நாங்கள் வாசல் கதவுத் திறப்பை வாங்கிக்கொண்டு பால் காய்ச்சுவதோடு சரி.

"இவ்வளவு வருசம் இருக்கிறம், இந்த வீட்டுக்கு நாங்கள் ஒரு கல்லும் வைக்கேல்லை," என்றாள் மனைவி. "நிலத்தைக் கிண்டிப்போட்டுக் கிடந்தது. இனி எப்ப கிண்டுறது எண்டு நினைச்சன்."

நான் முடிச்சைக் கையில் வாங்கினேன். எனக்குள் ஒரு மகிழ்ச்சி மெல்ல எழுந்ததைச் சொல்லவேண்டும். நிலம் பதித்த அந்த நாட்களில் அவள் மருந்தை நிறுத்துவதைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தாள். அப்படிப் பேசியவள், வாழ வருகிறவர்கள் செய்வதை யாருக்கும் தெரியாமல் செய்திருக்கிறாள். காயும்வரை ஒரு மாதம் பொறுத்ததன் காரணமும் இதுதான். எல்லாம் பொருந்தி வந்தது.

"அப்ப நீர் அண்டைக்கே முடிவெடுத்திட்டீர். இருக்கிறது எண்டு."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தாள் என்று நினைக்கிறேன்.

"அது வீட்டுக்கு வைக்கிறது, அப்பா. எனக்கில்லை. நான் இருந்தாலும் இல்லாட்டியும் நீங்கள் இருக்கப்போற வீடு. பிள்ளை வந்து போகப்போற வீடு. உங்களைத் தனிய விட்டுட்டுப் போனா வீடாவது நல்லா இருக்கட்டும் எண்டுதான்."

டைல் பதித்தவர் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வாளியில் போட்டார். ஒவ்வொரு துண்டையும் சத்தம் வராமல் வைத்தார். தேவைக்கு மேல் மெதுவாக அதைச் செய்தார்.

அறுந்த இடத்தை ஒட்டிச் சீராக்கலாம் என்றார். மின்காரரைத் தானே கூட்டிவருவதாகவும் சொன்னார். போகும்போது முடிச்சைக் காட்டி, "இதை என்ன செய்யிறது அக்கா?" என்று கேட்டார். "திருப்பி வைக்கேலாதே?" என்றாள். "அக்கா, கும்பிட்டன், விடுங்கோ," என்று அவர் கைகூப்பியபோது எங்களுக்குச் சிரிப்பு வந்தது. தோடு கழுவப்பட்டுப் பழைய இடத்துக்குப் போனது. தானியத்தை நான் பின்வளவுப் பனியில் தூவிவிட்டேன். குருவிகள் அதைத் தொடவில்லை; சாந்தின் மணம் பிடிக்கவில்லையாக்கும்.

கம்பி சரிசெய்யப்பட்டு, மிச்சமிருந்த டைல் ஒன்று பதிக்கப்பட்டது. மறுபடியும் காயவேண்டியிருந்தது. அவள் அடுத்த முறை போவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்பது ஒப்பந்தம். போகவேண்டிய காலையில் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தாள். அதன் அடுத்த முறையும் வந்தாள்.

அதற்குப் பிறகு வேறொன்று நடந்தது. நிலம் காயும் காலம் முடிய முன்பே ஒரு காலை அவள் குளிர்ந்த டைலில் நடந்து போய்த் தேநீர்க் கேத்தலை எடுத்தாள். நான் பதறி எழுந்தேன்.

"ஒண்டும் செய்யேல்லை," என்றாள். "ஊசி குத்தேல்லை." தன் காலைப் பார்த்தாள். "ஒண்டுமே செய்யேல்லை."

ஆஸ்பத்திரியில் மருத்துவர் அவளைக் கட்டிலில் இருத்தி, இசைக்கவை என்ற சிறிய உலோகக் கவட்டைத் தட்டி அதிர வைத்து அவள் பெருவிரலில் வைத்தார். எப்போது அதிர்வு நிற்கிறது என்று சொல்லும்படி கேட்டார். அவள் காத்திருந்தாள். பிறகு என்னிடம் தமிழில் கேட்டாள்:

"தொட்டிட்டாரோ?"

நரம்புகள் கூசும் நிலையைத் தாண்டி மரத்துவிட்டன. அந்த ஒரு மருந்தை இனி ஏற்ற முடியாது என்றார் மருத்துவர். மரத்தது திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். வெறுங்காலோடு எங்கும் நடக்கவேண்டாம்; வெட்டினாலும் சுட்டாலும் தெரியாது. சூடான நிலம் இருந்தால் கவனம். மற்ற மருந்தை மட்டும் வைத்து மிச்ச முறைகளை முடிக்கலாம், அது நல்லது, ஆனால் முடிவு அவளுடையது.

எங்கள் ஒப்பந்தம் இப்போது அர்த்தமில்லாமல் போயிற்று என்பதை நான் அந்தக் கதிரையில் இருந்தபடியே புரிந்துகொண்டேன். குளிர் அவளை இனித் தடுக்காது. சூடு அவளுக்கு இனி எதுவும் தராது. அவளைப் போகச் சொல்லவோ நிற்கச் சொல்லவோ என் கையில் இருந்த ஒரே பொருள் அந்த நிலம்தான். அவள் தன் காலுறையை மெதுவாக மாட்டிக்கொண்டிருந்தாள். குதிக்கால் எங்கே இருக்கிறது என்று கையால் தடவிப் பார்த்து மாட்டினாள். மாட்டி முடித்த பிறகு, தானே ஆங்கிலத்தில், மிச்சத்துக்கு எந்த நாள் வரவேண்டும் என்று கேட்டாள்.

நெடுஞ்சாலையில் திரும்பி வரும்போது நான் கேட்டேன். ஒப்பந்தத்தில் இல்லாத கேள்வி என்றபடியால் கேட்கலாம் என்று பட்டது.

"ஏன் மிச்சத்துக்கும் ஓம் எண்டனீர்?"

முன்னால் போன லொறி உப்புத் தண்ணீரைக் கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. நான் துடைப்பானைப் போட்டேன்.

"வீட்டுக்கு வைச்சது எரிஞ்சு போச்சு," என்றாள். "இனி நான்தான் நிண்டு பாக்கவேணும் போலை கிடக்கு."

பகிடியாகச் சொன்னாளா என்று திரும்பிப் பார்த்தேன். அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசி முறை வசந்தத்தில் முடிந்தது. கால்கள் இன்னும் திரும்பி வரவில்லை. வீடு முழுவதும் இப்போது செருப்புப் போட்டுத்தான் நடக்கிறாள். சமையலறை எல்லைக்கு வந்ததும் அதைக் கழற்றி, சோடியாக, முனை வெளியே பார்க்க வைக்கிறாள். உள்ளே வர முன்பு குனிந்து புறங்கையை டைலில் வைத்துப் பார்ப்பாள். கையில் உணர்வு அவ்வளவு போகவில்லை. தெர்மோஸ்டாட்டின் எண்ணைப் பார்த்தால் போதும் என்று மகள் சொன்னாள். எண் என்னத்தைச் சொல்லும் என்கிறாள் இவள்.

குளிர் மறுபடி தொடங்கிய ஒரு காலையில் இடுப்புப் பிடித்துக்கொண்டு அவளால் குனிய முடியவில்லை. எல்லையில் நின்றபடி என்னைக் கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ. நீங்கள் ஒருக்கா ஏறி நிண்டு பாருங்கோ."

காலுறையைக் கழற்றிவிட்டுப் போனேன். அலுமாரிக்கு முன்னால், இரண்டு பாதங்களையும் வைத்து நின்றேன்.

"என்ன மாதிரி?"

"இளஞ்சூடு."

"சுடேல்லையே?"

"இல்லை. நல்லாய் இருக்கு."

"வடிவாய்ப் பாத்தனீங்களோ? குதிக்காலை வைச்சுப் பாருங்கோ."

"வைச்சுத்தான் நிக்கிறன்."

"அப்ப நகருங்கோ."

நகர்ந்தேன். அவள் என் தோளைப் பிடித்தபடி வந்து, நான் நின்ற இடத்தில் ஏறி நின்று, தீப்பெட்டியை எடுத்தாள்.